கேளுங்க அண்ணாச்சி: வில்லுக்கு ஒரு வரி

பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை. இதில் வில்லுப்பாட்டுக்கும் கரகாட்டத்துக்கும் அரசாங்கம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் அண்ணாச்சி? பிடித்தவர்கள் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளட்டுமே!
(கல்லூரி மாணவர், பணகுடி)

தம்பி, உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் எழுதியே இருக்கிறேன். களக்காடு பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் வரி நோட்டு 11 வருஷம் என் கையில் இருந்தது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். கதை கேட்டால் தூக்கம் வருகிறவர், பம்பாயில் கடை வைத்துக்கொண்டு கொடைக்கே வராதவர், எல்லாருக்கும் ஒரே வரிதான். "நான் வில்லு கேக்க மாட்டேன், அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை வாங்கும்" என்று இதுவரை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஆகவே, பொதுப்பணத்தில் பாட்டு என்பதைக் கோட்டையில் யாரோ கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். நம் கோயில் வாசலில் ரொம்ப நாளாக நடப்பதுதான்.

"வில்லு, 2 நாள்" என்று தனி வரியில் எழுதியிருந்த வருஷமெல்லாம் வில்லு நடந்தது. ஒரு வருஷம் காற்றில் வாழை சாய்ந்து வசூல் குறைந்துபோனது. வில்லு, மகுடம், கரகம் எல்லாவற்றையும் சேர்த்து "கலை நிகழ்ச்சி" என்று ஒரே வரியாகப் போடச் சொன்னார்கள். எழுத இடமும் மிச்சம் என்று நானும் போட்டேன். கொடை நெருங்கியபோது மைக் செட்டும் சீரியல் லைட்டும் அந்த வரியைத் தின்றுவிட்டன. வில்லு ஒரு ராத்திரியாகச் சுருங்கி, சுடலை கதை பாதியில் நின்றது. மகுடம் அடிக்கும் கணியான் செட்டுக்கு அச்சாரமே போகவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பேர் இல்லாத செலவை வெட்டினால் கேட்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அரசாங்க நோட்டும் இதே கதைதான். 34 வருஷம் கருவூலத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு எதுவும் எண்ணாகத்தான் ஞாபகம் வரும். ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் ஓர் எண் உண்டு: 2202 என்றால் பொதுக்கல்வி, 2204 விளையாட்டு, 2210 மருத்துவம். கலை பண்பாட்டுக்கு 2205. எந்த மாநிலத்துக் கணக்கைப் பிரித்தாலும் இதே எண்தான். அதற்குள்ளே 101 நுண்கலைக் கல்வி. அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக்கொடுப்பதெல்லாம் இந்த வகை. 102 கலை வளர்ச்சி, 103 தொல்லியல், 105 பொது நூலகம், 107 அருங்காட்சியகம். சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை குழி வெட்டியதும், நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்காரும் நூலக நாற்காலியும், வில்லுக்காரருக்குப் போடும் பொன்னாடையும் ஒரே வீட்டுப் பங்காளிகள்.

நீங்கள் சொல்லும் கூரைக்கும் மாத்திரைக்கும் உள்ள தலைப்புகள் இந்த 2205-ஐவிடப் பல மடங்கு பெரியவை. வில்லை நிறுத்தி மிச்சம் பிடிக்கிற காசு அங்கே போய்ச் சேர்ந்தால் கடலில் கரைத்த பெருங்காயம். இன்னொரு வேடிக்கை, புதுக் கட்டடம் கட்டும் மூலதனச் செலவுக்கான 4202-இல் பள்ளிக்கூடமும் கலையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் அவை இரண்டுக்கும் ஒரே கூரை!

சரி, தலைப்பு இருந்தால் பணம் போய்ச் சேர்ந்துவிடுமா? என் சொந்தத் தப்பையே சொல்கிறேன்.

காகித பில் காலம். நான் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் பில் பார்க்கும் இருக்கையில் இருந்தேன். ஒரு துறை, எந்தத் துறை என்று வேண்டாம், தை மாதம் ஒரு வில்லு செட்டைக் கூட்டிப்போய் ஆறு ஊரில் விழிப்புணர்வுப் பாட்டுப் பாட வைத்திருந்தது. பில் வந்ததோ மார்ச் கடைசி வாரம். குடம் அடிப்பவர் கைநாட்டு. அந்தப் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் அதிகாரி சான்றொப்பம் போடவில்லை. "சான்றொப்பம் இல்லை, திருப்பப்படுகிறது" என்று சிவப்பு மையில் எழுதினேன். விதிப்படி சரிதான். அது சரியாகித் திரும்பி வந்தது ஏப்ரல் 2-ஆம் தேதி. மார்ச் 31 ராத்திரியோடு அந்த வருஷ ஒதுக்கீடு லேப்ஸ், அதாவது காலாவதி.

நாலு நாள் கழித்துப் பாட்டுக்காரம்மா நேரில் வந்தார். அறுபது வயசிருக்கும். அன்றைக்கு ராத்திரி எங்கோ பங்குனிக் கொடைக்குப் போகிற வழி. வில்லில் அடிக்கும் வீசுகோல் இரண்டும் துண்டில் சுற்றியிருந்தன, அவற்றைக் கவுண்டர் பலகையில் வைத்தார். சலங்கை கலகலவென்று விழுந்ததில் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. "எங்க துட்டு செத்துப்போச்சாமே சார்?" லேப்ஸ் என்ற வார்த்தையை யாரோ அவருக்கு அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. எழவு கேட்க வந்தவர் மாதிரி விசாரித்தார். ஆட்சேபணை எழுதிய ஆள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது வருஷ ஒதுக்கீட்டில் பணம் கைக்கு வந்தபோது ஆடி. அதற்குள் குடம் அடிப்பவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்.

அதனால்தான் தம்பி, "கலைக்கு இத்தனை கோடி" என்று பேப்பரில் வந்தால் நான் அடுத்த பக்கம் புரட்டிவிடுவேன். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று விதமான எண் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். போடப்போவது, இந்த வருஷத் திருத்த மதிப்பீடு, முந்தின வருஷம் உண்மையில் செலவானது. மூன்றாவதைப் பாருங்கள். போடப்போவது பெரிதாகவும் செலவானது சின்னதாகவும் இருந்தால் எங்கோ ஒரு பில் சிவப்பு மையோடு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாவும் கலை பண்பாடும் சேர்ந்த மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும் நாளில் உங்கள் எம்.எல்.ஏ. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். கேட்கச் சொல்லிப் பணகுடியிலிருந்து 10 கடிதம் போகட்டும்.

அண்ணாச்சி, சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள். எங்கள் கிளை நூலகத்தில் வார இதழ்கள் பாதி நின்றுவிட்டன. அந்தப் பணம் எங்கே போகிறது?
(இல்லத்தரசி, பாளையங்கோட்டை)

ரசீதை வாசித்த உங்களுக்கு முதலில் ஒரு கும்பிடு தங்கச்சி. அது 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டம். சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் மல்லுக்கட்டியதன் பலன். இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. இவ்வளவு கெட்டியான காப்பு வேறெந்தக் கலைக்கும் கிடையாது; வில்லுக்கு இப்படி ஒரு வரி இருந்தால் நான் இந்தப் பத்தியே எழுத வேண்டாம்.

ஓட்டை எங்கே என்றால், வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வாங்கியதைக் கைமாற்றாமல் பாக்கி வைக்கிற பழக்கம் நம் மாநிலத்தில் பல உள்ளாட்சிகளுக்கு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள், ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி. ஒன்று உள்ளாட்சிக்கு: மூன்று வருஷமாக நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு கட்டினீர்கள்? இன்னொன்று நூலக ஆணைக்குழுவுக்கு: எவ்வளவு வந்தது? 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தாளை இந்தப் பத்திக்கு அனுப்புங்கள், பேசிக்கொள்ளலாம்.

ஸ்பான்சர் பிடித்தால் போயிற்று. அரசு எதற்கு?
(வியாபாரி, திருநெல்வேலி டவுன்)

இசக்கி கதையில் நகைக்காக ஒரு பெண்ணைக் கொல்லும் இடம் வரும். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் நகைக்கடை பேனர் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். போகட்டும், நன்கொடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எட்டயபுரம் பாரதி மணிமண்டபம் ஜனங்கள் கொடுத்த காசில் எழுந்தது. 1945-இல் அடிக்கல், 1947-இல் திறப்பு. ஆனால் இன்றைக்கு அதைப் பராமரிப்பது அரசு. கல் நாட்ட நன்கொடை வரும். விளக்குமாறு வாங்க எந்த முதலாளி வருவார் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள்!

அரசுப் பணம் வாங்கினால் அரசு சொல்வதைத்தானே பாட வேண்டும்?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

நியாயமான பயம் டீச்சர். டெங்குக் கொசுவைப் பற்றி வில்லில் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது கூலி. அதைக் கலைக்குக் கொடுத்ததாகக் கணக்கில் காட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பையன் இரண்டு வருஷம் அண்ணாவியிடம், அதாவது வில்லு வாத்தியாரிடம் உட்கார்ந்து கதைகளை மனப்பாடம் பண்ணும்போது அந்த அண்ணாவிக்கும் பையனுக்கும் கொடுப்பதுதான் கலைக்குக் கொடுப்பது. அதை யாருக்கென்று முடிவு செய்யும் குழுவில் பாடுகிறவர்களும் அடிக்கிறவர்களும் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

என் அப்பா 40 வருஷம் மகுடம் அடித்தவர். இப்போது 68 வயது, கை நடுக்கம். ஏதாவது கிடைக்குமா?
(பெயர் வேண்டாம் என்றவர், நாங்குநேரி வட்டாரம்)

கிடைக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அதில் அப்பா பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். 2020-இல் கொடை எல்லாம் நின்றபோது முதல் நிவாரணம் வந்தது வாரிய அட்டை வைத்திருந்தவர்களுக்குத்தான். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலம் மாதம் 3,000 ரூபாய் தருகிறார்கள். 60 தாண்டியவர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகத்திலும் மாதம் 6,000 வரை ஒரு திட்டம் உண்டு. விவரத்துக்குத் திருநெல்வேலி மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு ஒரு தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

போகுமுன் பழைய கொடை நோட்டீஸ்களைத் தேடி எடுங்கள். "மகுடம்" என்பதோடு அப்பா பேரும் அச்சாகியிருக்கிற நோட்டீஸ் ஒன்று கிடைத்தாலும் நல்லது. பரணில் இல்லாவிட்டால், அவர் அடித்த ஊர்களில் வரி நோட்டு வைத்திருப்பவரைக் கேளுங்கள். எங்கள் ஊர் நோட்டில் 1996 முதல் ஒவ்வொரு செட்டின் பேரும் இருக்கிறது, அந்த ஒரு வருஷத்தைத் தவிர. அப்புறம், விண்ணப்பத்தில் அப்பா கைநாட்டு வைப்பவராக இருந்தால், பக்கத்திலேயே சான்றொப்பம் வாங்கிவிடுங்கள் தம்பி.