எஸ்.எஸ்.டி.யும் டிரைவரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புது லேப்டாப்பில் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 நிறுவப் பார்க்கிறேன். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் திரை காலியாக இருக்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதே, பழுதாக இருக்குமோ?

பதில்: பயாஸ் பெயரைக் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. நலமாகவே இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி.யைச் செயலி வழியாக நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற வசதி இயங்கும் நிலையிலேயே வருகிறது. என்.வி.எம்.இ. என்ற அதிவேக வகை எஸ்.எஸ்.டி. அதன் பின்னால் மறைந்துவிடும். நிறுவல் பென் டிரைவில் வி.எம்.டி.க்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை (வி.எம்.டி.க்கான டிரைவர் இதுதான்) இறக்குங்கள். பலர் தவறுவது அடுத்த படியில்தான்: இறங்கிய செட்டப் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் பயனில்லை. வேறொரு கணினியில் அதைப் பிரித்து, டிரைவர் விவரம் அடங்கிய ஐ.என்.எஃப். கோப்பு உள்ள ஃபோல்டரை நிறுவல் பென் டிரைவில் வையுங்கள். பிறகு அதே காலித் திரையில் 'லோடு டிரைவர்' தட்டி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பொருந்தும் டிரைவர் இல்லை என்று வந்தால், வேறு தலைமுறைக்கான பதிப்பை இறக்கியிருக்கிறீர்கள்.

ஒரே எஸ்.எஸ்.டி., புது நிறுவல் என்றால் பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவது இன்னும் எளிது. விண்டோஸின் சொந்த என்.வி.எம்.இ. டிரைவரே போதும்.

கேள்வி: ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் பயாஸ் போய், டிஸ்க் கன்ட்ரோலர் இயங்கும் முறை 'ரெய்டு' என்றிருந்ததை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றினேன். நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கிறது. எல்லாம் அழிந்துவிட்டதா?

பதில்: எதுவும் அழியவில்லை. முதலில் பயாஸில் பழையபடி 'ரெய்டு' என்றே வைத்துவிடுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். ரீசெட் செய்யவோ மீண்டும் நிறுவவோ போக வேண்டாம்.

துவங்கும்போது தேவைப்படாத ஸ்டோரேஜ் டிரைவர்களை விண்டோஸ் எழுப்புவதில்லை. நீங்கள் டிஸ்க் கன்ட்ரோலரின் முறையை மாற்றினீர்கள். அதற்குரிய டிரைவரோ உறக்கத்தில் இருந்தது. குறைந்தபட்ச வசதிகளோடு எழும் சேஃப் மோடில் மட்டும் அடிப்படை டிரைவர்கள் முயன்று பார்க்கப்படும். அதைத்தான் வழியாகப் பயன்படுத்துகிறோம்.

ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாறியே ஆக வேண்டுமென்றால், தொடங்குமுன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். இனி, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்', 'மினிமல்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸுக்குள் போக விடாமல் நேரே பயாஸுக்குள் நுழைந்து ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கிச் சேமியுங்கள். சேஃப் மோடில் கணினி எழுந்ததும் அதே 'சேஃப் பூட்' குறியை நீக்கி மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இது ஒற்றை எஸ்.எஸ்.டி.க்கு மட்டும். இரண்டு டிஸ்க்குகள் உண்மையாகவே ஒரே டிஸ்க் போல ரெய்டில் இணைந்திருந்தால் மாற்றாதீர்கள், தகவல் போய்விடும்.

கேள்வி: டிவைஸ் மேனேஜரில் எஸ்.எஸ்.டி.யின் 'பாலிசீஸ்' பகுதியில் இரண்டு பெட்டிகள் உள்ளன. இரண்டையும் டிக் செய்தால் வேகம் கூடுமா?

பதில்: முதலாவது, ரைட் கேஷிங்: எழுத வேண்டியதை முதலில் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் வைப்பது. அது டிக் ஆகியே இருக்கட்டும். இரண்டாவது, கேஷில் இருப்பதை நிலையாக எழுதி முடி என்று விண்டோஸ் இடும் கட்டளையையே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு மட்டுமல்ல, ஃபைல் சிஸ்டமே குலையலாம். மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் கொண்ட சர்வர் ரக எஸ்.எஸ்.டி. இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: லினக்ஸ் லேப்டாப் சற்று நேரம் சும்மா இருந்தால் உறைந்துவிடுகிறது. பிறகு எதையும் சேமிக்க முடிவதில்லை.

பதில்: லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில் என்.வி.எம்.இ. கன்ட்ரோலர் 'டவுன்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எஸ்.எஸ்.டி. ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போய்த் திரும்ப எழாததுதான் காரணமாக இருக்கக்கூடும். என்.வி.எம்.இ. கோர் மாட்யூலுக்கு, மின்சேமிப்பு நிலைகளின் அதிகபட்சத் தாமதத்தை மைக்ரோ விநாடியில் சொல்லும் அளவுரு ஒன்று உண்டு: nvme_core.default_ps_max_latency_us. இயல்பு மதிப்பு 1,00,000. லினக்ஸைத் துவக்கும் கிரப்பின் அமைப்பில் கெர்னல் வரியோடு அதை 0 என்று சேர்த்து, கிரப்பைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். உறைவது நின்றால் காரணம் உறுதி. பேட்டரி சற்று விரைவாகத் தீரும் என்பதால், பிறகு 5,500 வைத்துப் பாருங்கள்: ஆழமான நிலைகள் மட்டும் தவிர்க்கப்படும். 0 வைத்தும் உறைந்தால் எஸ்.எஸ்.டி.யின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.