சொந்த டிரெய்லர், ஆபீஸ் அட்வான்ஸ்

கேள்வி: எனக்கு வயது 41. திருவொற்றியூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் 11 ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டினேன். கடைசிச் சம்பளம் ரூ.20,500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலாளி, 'வண்டியை உன் பெயரில் எடுத்துக்கொள், லோடு நான் தருகிறேன்' என்றார். பி.எஃப்., கிராஜுவிட்டியாக வந்த 4 லட்சத்தைப் போட்டு, 15 லட்சம் கடன் வாங்கி, பழைய டிரெய்லரை எடுத்தேன். தவணை மாதம் 42,500. மொத்தம் 48 மாதம். மாதம் 24 டிரிப் ஓடி 2.10 லட்சம் வாடகை வருகிறது. ஆனாலும் டயர், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) என்று செலவு வந்தால் ஆபீஸில் அட்வான்ஸ் வாங்குகிறேன். அதற்கு வட்டி இல்லை. ஆனால் அந்தப் பாக்கி 1.10 லட்சமாகிவிட்டது. வெளியே போனால் டிரிப்புக்கு 400 ரூபாய் கூடக் கிடைக்கும். பாக்கி இருக்கும்போது எப்படிப் போவது? மனைவி தையல் நிறுவனத்தில் 14,000 வாங்குகிறார். புதுச் சட்டப்படி நான் தொழிலாளிதான், பி.எஃப். திரும்பக் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். இரண்டாவது வண்டி எடுக்கவும் சொல்கிறார். ஒரு ஏஜென்ட் மாதம் 5,000 கட்டும் 'உத்தரவாத வருமான' பாலிசியைக் காட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: வண்டி ஓட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அட்வான்ஸைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டிரிப் சிட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் அதிகாலை 4 மணிக்கு நின்ற வண்டி இரவு 8 மணிக்குத்தான் உள்ளே போயிருக்கிறது. ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கூலி, என்ற இடத்தில் வெறும் கோடு. அதற்குக் கீழே 'அட்வான்ஸ் கழிவு 3,000'. பதினாறு மணி நேரம் காத்திருந்ததற்கு நீங்கள் பணம் கேட்கவில்லை. பாக்கி வைத்திருப்பவருக்குக் கேட்க வாய் வராது.

நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறேன். வாடகை 2,10,000. டீசல் 95,000, டோல், கிளீனர், வழிச்செலவு 14,000, ஆபீஸ் கமிஷன் 8 சதவீதம் 16,800. மீதி 84,200. தவணை போனால் 41,700. இதைத்தான் நீங்கள் வருமானம் என்று நினைத்து வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள். ஆனால் டயர், சர்வீசுக்கு மாதம் சராசரியாக 16,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி.க்கு 9,000 ஆகிறது. ஆக உங்கள் உண்மையான சம்பளம் 16,700. வீட்டில் செலவாகிவிட்ட அந்த 25,000-தான் பிறகு அட்வான்ஸ் என்ற பெயரில் ஆபீஸிலிருந்து திரும்பி வருகிறது.

பழைய வேலையில் 20,500 சம்பளத்துக்கு மேல் முதலாளியின் பி.எஃப். பங்கு 1,800, இ.எஸ்.ஐ. பங்கு ஏறத்தாழ 670, கிராஜுவிட்டி மாதக் கணக்கில் 720 சேர்ந்தது. 23,700-ஐ விட்டுவிட்டு 16,700-க்கு முதலாளி ஆகியிருக்கிறீர்கள். தவணை முடிந்ததும் இந்தக் கணக்கு மாறும், மறுக்கவில்லை. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே!

அட்வான்ஸுக்கு வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிரிப்புக்கு 400 குறைவு என்றால் 24 டிரிப்புக்கு 9,600. 1.10 லட்சத்துக்கு மாதம் 9,600 என்பது நூற்றுக்கு எட்டே முக்கால் வட்டி. ஹால்டிங்கைச் சேர்த்தால் பத்தைத் தாண்டும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வாடகைக் குறைப்பு என்ற வேடத்தில் வரும் வட்டியை யார் போய்ப் பிடிப்பது?

மனைவியிடம் பேசி, நகையை வங்கியில் அடகு வைத்து இந்தப் பாக்கியை ஒரே தடவையில் முடியுங்கள். வட்டி முதலில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பணம் கொடுக்கும் முன் அட்வான்ஸ் கணக்கை எழுத்தில் கேட்டு, பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். பிறகு முழு வாடகையையும் ஹால்டிங்கையும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் மணலியிலும் மாதவரத்திலும் லோடுக்குப் பஞ்சமில்லை. கூடுதலாக வரும் 9,600-ல் மாதம் 5,000 நகைக்கு, மீதி வீட்டுக்கு. டயர், எஃப்.சி.க்கு டிரிப் முடிந்த அன்றே 1,050 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை வீட்டிலேயே இருக்கட்டும். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து 35,000 ரூபாயில் குடும்பம் ஓட வேண்டும். கஷ்டம்தான். ஆனால் தவணை முடிய இன்னும் 24 மாதம்தான் இருக்கிறது.

இனி மைத்துனரின் சட்டம். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பது உண்மை. அதில் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது செயலி வழியாகவும் மற்றபடியும் நிரந்தர வேலை உறவு இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு, இடம் உண்டு. சரக்குப் போக்குவரத்துச் செயலிகளும் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நலநிதிக்குத் தர வேண்டும். அது நலத்திட்டத்துக்கான பணம், உங்கள் பெயரில் சேரும் பி.எஃப். அல்ல. தவிர, போனில் லோடு சொல்லும் திருவொற்றியூர் ஆபீஸ் செயலி நிறுவனமும் அல்ல.

நீதிமன்றம் போகலாமா என்றால், வழி இல்லாமல் இல்லை. உப்பளத் தொழிலாளர் வழக்கில், உற்பத்திக் கணக்கில் கூலி வாங்கி, தாங்களே ஆள் வைத்துக்கொண்டவர்களையும் தொழிலாளர்கள் என்றே 1956-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. வேறு லோடு எடுக்க விடாத அந்த அட்வான்ஸ் உங்களுக்குச் சாதகமான சாட்சியாகக்கூட நிற்கும். ஆனால் ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், தவணை மாதம் தவறாமல் வரும். சிட்டைகளையும் வாட்ஸ்அப் உத்தரவுகளையும் பத்திரப்படுத்துங்கள்; அவற்றை நம்பிச் செலவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019-ல் இயற்றிய ஏபி5 சட்டம், மாறாக நிரூபிக்காதவரை ஆளை ஊழியராகவே கொள்கிறது. அதை எதிர்த்து லாரித் தொழில் சங்கம் போட்ட வழக்கை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்ததும், அடுத்த மாதம் ஓக்லாந்து துறைமுக வாசலை மறித்தவர்கள் முதலாளிகள் அல்ல, சொந்த வண்டி ஓட்டுநர்கள். 'எங்களை ஊழியராக்காதே' என்பதுதான் அவர்கள் கோரிக்கை. மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது வண்டியா? முதல் வண்டியின் டயருக்கே அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். வேண்டாம்.

ஏஜென்டின் பாலிசியும் வேண்டாம். மாதம் 5,000 கட்ட உங்களிடம் இல்லை. இருந்தாலும் உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடும் பாலிசிகளில் காப்பீடும் குறைவு, வருமானமும் குறைவு. ஊழியராக இருந்தபோது விபத்து என்றால் இ.எஸ்.ஐ. இருந்தது. இப்போது வண்டி பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கியிலேயே எடுக்கலாம். தலா 2 லட்சம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பி.எஃப். பணத்தை எடுத்தபோது பென்ஷன் பங்கு கைக்கு வந்திருக்காது. பத்தாண்டு தாண்டியவர்களுக்கு அதை ரொக்கமாகத் தருவதில்லை. 15,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 58 வயதிலிருந்து மாதம் சுமார் 2,350 ரூபாய். படிவம் 10சி கொடுத்து, இந்தப் பென்ஷனுக்கான திட்டச் சான்றிதழ் வாங்கினீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் டிரிப்பை விட்டுவிட்டு பி.எஃப். அலுவலகம் போய் வாருங்கள்.