40,000 ரூபாய்க்குள் ஆஃப்ரோடு டூயத்லானுக்கு (ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம்) எந்த மாதிரி எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கலாம்? முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள டபுள் சஸ்பென்ஷன் எடுக்கலாமா?

டபுள் சஸ்பென்ஷன் வேண்டாம். இந்த விலையில் பின்னால் வருவது ஷாக் அல்ல, வெறும் ஸ்பிரிங். மிதிக்கு மிதி வண்டி ஊஞ்சலாடும், எடையும் கூடும். டூயத்லானில் சைக்கிளை விட்டு இறங்கியதும் மறுபடி ஓட வேண்டும். தொடையில் கொஞ்சமாவது மிச்சம் வைத்து இறக்கிவிடுகிற வண்டிதான் தேவை. அலுமினிய ஃப்ரேம், 29 இன்ச் சக்கரம், முன்னால் மட்டும் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க். இதுதான் ஹார்ட்டெய்ல், இது போதும். உயரம் 160 செ.மீ.க்குக் குறைவென்றால் 27.5 இன்ச் சக்கரத்தையும் ஏறிப் பாருங்கள்.

கடையில் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது பின் ஹப்பை, அதாவது பின்சக்கரத்தின் நடுப்பகுதியை. பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு. பல்வட்டுகள் ஹப்பில் திருகி மாட்டிய ஃப்ரீவீலா, ஃப்ரீஹப் மேல் செருகிய கேசட்டா என்று தெரிந்தாக வேண்டும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்வட்டுகளைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். ஆக்ஸிலை ஒட்டி, கழற்றும் டூல் மாட்டுவதற்கான வரிப்பள்ளம் தெரியும். அது பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது நிற்க, பல் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். மிகச் சிறிய வட்டிலேயே 14 பல் இருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் ஹப்பின் நடுவை நோக்கித் தள்ளி இருக்கும். அதற்கு வெளியே ஆக்ஸில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கல்லும் பள்ளமுமாக ஓட்டினால் முதலில் வளையும், பிறகு ஒடியும். கனமான ஆட்களுக்குச் சீக்கிரமே. மற்றதெல்லாம் பிடித்திருந்தாலும் ஃப்ரீவீல் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கியருக்கு முன்னால் ஒற்றை 32 பல், பின்னால் 11-42 அல்லது 11-46 வசதி. 32-11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கி.மீ. வரும். மண்பாதையில் அதற்கு மேல் எங்கே போகப் போகிறோம்? ஆனால் ஒற்றைச் செயின்ரிங் என்றால் பின் டீரெயிலரில், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியில், செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குலுங்கலில் செயின் கழன்று விழும். ஷிமானோவில் ‘ஷேடோ ஆர்டி பிளஸ்’ என்று போட்டிருப்பதும், மைக்ரோஷிஃப்ட்டின் அட்வென்ட் வரிசையும் கிளட்ச் உள்ளவை. முன்னால் மூன்று, பின்னால் எட்டு வட்டு உள்ள 3×8தான் கிடைக்கிறதென்றாலும் மோசமில்லை. 22-34 எந்த ஏற்றத்திலும் ஏற்றிவிடும்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்கட்டும், ஷிமானோ எம்டி200 தாராளம். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் பட்டால் பேட் எண்ணெய் குடித்துக் கீச்சிடும், பிடிக்காது. சொட்டு சொட்டாக விடும் எண்ணெயே நல்லது.

ஃபோர்க்கில் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். இந்த விலையில் பெரும்பாலும் காயில் ஸ்பிரிங்தான். 55 கிலோ ஆளுக்கு அது விறைப்பு. உள்குழாயில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை) லேசாகக் கட்டி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், 100 மி.மீ.யில் 50கூட நகரவில்லை என்றால் நீங்கள் ஃபோர்க்கின் எடையைச் சுமக்கிறீர்கள், பலன் இல்லை. பிற்பாடு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க் மாற்றும் எண்ணம் இருந்தால், கீழே அகன்ற டேப்பர்டு ஃபோர்க்கை ஏற்கும் ஹெட் ட்யூப் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) உள்ள ஃப்ரேமாக இப்போதே பார்த்து எடுங்கள். மேலும் கீழும் ஒரே அளவான பழைய ஹெட் ட்யூபுக்கு நல்ல ஃபோர்க் அகப்படுவது கஷ்டம்.

40,000த்தையும் வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். 5,000, 6,000 டயருக்கு ஒதுக்குங்கள். கூடவே வரும் கம்பி விளிம்பு டயர் கனம்; மடிக்கக்கூடிய 2.2 இன்ச் டயர் போட்டால், வளைவு முடிந்து வேகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் காலில் தெரியும். கடைக்காரர் 45, 50 பிஎஸ்ஐ அடித்துக் கொடுப்பார். டயர் கல்லாக நின்று துள்ளும், பிடிக்காது. 65 கிலோ ஆளுக்கு ட்யூபோடு முன்னால் 26-28, பின்னால் 28-30 வைத்துத் தொடங்குங்கள். அதற்கும் கீழே இறக்கினால் ரிம் கல்லில் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டைத் துளை விழும்.

நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும். ரிம் ட்யூப்லெஸ் ரெடி (ட்யூப் இல்லாமல் ஓட்டத் தோதானது) என்றால் ஒரு டயருக்கு 100 மி.லி. சீலன்ட், அதாவது துளையை அடைக்கும் திரவம், விட்டு ட்யூபைத் தூக்கிப் போடுங்கள். வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். சாதா ரிம்மில் அந்த முயற்சி வேண்டாம், வளைவில் காற்று சட்டென்று வெளியேறும். அதற்குப் பதில், வால்வின் உள்பகுதியைக் கழற்ற முடிகிற ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் விடலாம்.

பெடலில் பூட்டிக்கொள்ளும் எஸ்பிடி ஷூ இப்போது தேவையில்லை. ஓடும் ஷூவோடே அகலமான ஃப்ளாட் பெடலில் மிதித்தால் இரண்டு முறை ஷூ மாற்றும் நேரம் மிச்சம். கூரான இரும்பு முள் உள்ள பெடல் ஷூவின் மெத்தென்ற அடியைக் குதறிவிடும். குட்டை முள் உள்ள பிளாஸ்டிக் பெடல் எடுங்கள்.

சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் சரியாக நீள வேண்டும். தாழ்வாக வைத்தால் தொடை எரியும், இரண்டாவது ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும்.

பழைய வண்டி கிடைத்தால் இதே காசுக்கு ஏர் ஃபோர்க்கே வரலாம். ஹெட் ட்யூபும், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் ட்யூபும் சேரும் வெல்டில் முடி போல விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபோர்க்கின் உள்குழாயை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் அந்தக் கீறல் ஃபோர்க்கின் ரப்பர் சீலைக் கிழிக்கும். செயின் 0.75 சதவீதம் நீண்டிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், இரண்டின் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.