தனியே மலை நடப்பது: கேட்டார்கள், சொல்கிறேன்

இருபது வருடங்களுக்கு மேலாக மலைப்பாதைகளில் நடக்கிறேன். அதில் பாதிக்கு மேல் தனியாக நடந்தவை. இன்று முழுக்க உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றைப்பனை: அக்கா, தனியாக மலைக்குப் போவது ஆபத்து என்று வீட்டில் ஒரே பேச்சு. உண்மையில் எவ்வளவு ஆபத்து?

வழுக்குப் பாறை பத்துப் பேரோடு போனாலும் வழுக்கத்தான் செய்யும். தனியாகப் போகிறவருக்கு வித்தியாசம் தெரிவது விழுந்த பிறகுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில், பழகின பாதை, இறக்கம். ஒரு தட்டைக் கல்லில் கால் வைத்தேன். கல் ஆடியது, கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது. வலியைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த பத்து நிமிடம்தான். நடந்த சூட்டில் சட்டை முழுக்க வியர்வை, உட்கார்ந்ததும் காற்று பட்டு அது குளிர்ந்து, நடுப்பகலில் பல் கிட்ட ஆரம்பித்துவிட்டது. காய்ந்த சட்டை ஒன்று பையில் இருந்ததால் தப்பித்தேன். மீதி மூன்று கிலோமீட்டரை ஒரு கம்பை ஊன்றிக் கடக்க நாலரை மணி நேரம் ஆயிற்று. போனில் சிக்னல் இல்லை. ஆனாலும் பதறவில்லை. ஏழு மணிக்குள் நான் பேசவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தாள் தங்கையிடம் இருந்தது. ஆறே முக்காலுக்கு ரோட்டுக்கு வந்து அவளை அழைத்தேன்.

அந்தத் தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கர் யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். உருண்ட பாறை ஒன்று வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் அங்கேயே நின்றார். கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். திறமைசாலி, உடல் வலிமை உள்ளவர். எங்கே போகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பயப்படுகிறார்களே, அவர்கள் கையிலேயே அந்தத் தாளைக் கொடுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

மழைக்குருவி: அந்தத் தாளில் என்னதான் எழுத வேண்டும்?

நல்ல கேள்வி. எங்கே வண்டியை நிறுத்துகிறீர்கள், வண்டி எண், எந்தப் பாதையில் ஏறி எதில் இறங்குகிறீர்கள், சட்டையும் பையும் என்ன நிறம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். அப்புறம் இரண்டு நேரங்கள். ஒன்று, நீங்கள் திரும்புவதாக நினைக்கும் நேரம். இன்னொன்று, அதைத் தாண்டினால் தாமதிக்காமல் மீட்புக்காரர்களை அழைக்க வேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். அழைக்க வேண்டிய எண்ணையும் நீங்களே எழுதுங்கள், பதற்றத்தில் அவர்கள் தேடக் கூடாது.

எழுதின பாதையை வழியில் மாற்றாதீர்கள். அந்தப் பக்கம் அழகாக இருக்கிறதே என்று திரும்பினால், தேடுகிறவர்கள் வேறு மலையில் தேடுவார்கள்.

வேகநடை: எந்த கம்பெனி ஷூ நல்லது?

காலுக்குச் சரியாகப் பொருந்துவது. இதற்குமேல் கடையில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தூரத்து மேகம்: அக்கா, நான்கு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு போவதை விட்டுவிட்டுத் தனியாகப் போவதில் என்ன இருக்கிறது?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது. மனசு வீட்டையும் வேலையையும் மென்றுகொண்டே வரும். அப்புறம் எந்த இடத்தில் என்று தெரியாது, அது நின்றுவிடும். மூச்சுச் சத்தம் கேட்கும், காலடியில் சரளை நொறுங்குவது கேட்கும். ஒருமுறை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரத்தில் ஒரு சிலந்தி வலையைப் பின்ன ஆரம்பித்தது. முதல் இழையைக் காற்றில் மிதக்கவிட்டுக் காத்திருந்தது. அது எதிர்க் கிளையில் ஒட்டியதும் மேலே ஓடி இன்னொரு இழையால் அதைப் பலப்படுத்தியது. வலை முடியும்வரை உட்கார்ந்தேன். கூட யாராவது வந்திருந்தால் இரண்டாம் நிமிடம் 'போகலாமா?' என்றிருப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுடைய நாளும் அதில் இருக்கிறதே. தனியாகப் போகும் நாளில் நேரம் முழுக்க என்னுடையது. நின்றால் நிற்கலாம், திரும்பினால் திரும்பலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

எம்மா கேட்வுட் என்ற பாட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினோரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955ல், 67 வயதில், கான்வாஸ் ஷூவோடு, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பலருக்குத் தெரியாத விஷயம், முந்தின வருடமே கிளம்பி, வழி தவறி, கண்ணாடி உடைந்து, வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். திரும்பிப் போன அந்த வருடத்தையும் சேர்த்துத்தான் நான் அவரைக் கொண்டாடுகிறேன்.

கருவேலம்பூ: நான் பெண். எனக்கு மலையைப் பார்த்துப் பயமில்லை, மனிதர்களைப் பார்த்துத்தான்.

உங்கள் பயம் நியாயமானது. அதைச் சிறிதாக்கிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். என் அனுபவத்தில் சங்கடமான ஆட்களை அதிகம் பார்த்தது ரோட்டை ஒட்டிய முதல் அரைமணி நேர நடையில்தான், உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். 'தனியாகவா வந்தீங்க?' என்று கேட்டால் 'இல்லை, பின்னால வர்றாங்க' என்று சொல்லிவிட்டு நடங்கள். அந்தப் பொய்யில் குற்றமில்லை. இருக்கும் இடத்தைப் படத்தோடு உடனுக்குடன் இணையத்தில் போடாதீர்கள், வீடு திரும்பிய பிறகு போடுங்கள். கூடாரம் போட்டால் ரோட்டுக்குத் தெரியாத இடத்தில் போடுங்கள். ஒருவரைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேட வேண்டாம், திரும்பிவிடுங்கள். நான் அப்படி மூன்று முறை திரும்பியிருக்கிறேன்.

சின்னக்காம்பஸ்: போன்தான் இருக்கிறதே, தாள் எல்லாம் எதற்கு?

தம்பி, மலையில் சிக்னல் முகட்டில் கிடைக்கும், பள்ளத்தில் போய்விடும். ஆள் விழுவது பள்ளத்தில். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். போனை விமானப் பயன்முறையில் வைத்து, உடம்போடு ஒட்டின பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தனியாகப் போகிறவர் என்றால் அவசர ஒளிபரப்பி (PLB என்ற சிறு கருவி) ஒன்று வாங்குவது நல்லது. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பு அனுப்பும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு அதைக் கேட்டு மீட்புக்காரர்களுக்குச் சொல்லும். 1982 முதல் உயிர்களைக் காப்பாற்றி வருகிற ஏற்பாடு. சில நாடுகளில் வைத்திருக்க அனுமதி வேண்டும், விசாரித்துவிட்டு வாங்குங்கள். அதோடு ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று கேட்டால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம்.

இவ்வளவு இருந்தாலும் தாள் வேண்டும்.

பழையபாதை: அம்மா, நான் முப்பது வருடம் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போனவன். நான்கு பேருக்குக் குறைவாக மலையில் கால் வைக்கக் கூடாது. தனியாகப் போகிறவர்கள் தங்கள் ஆசைக்காக மீட்பு ஆட்களின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதை ஊக்குவிக்காதீர்கள்.

ஐயா, நான்கு பேர் கணக்கு எனக்கும் தெரியும். ஒருவர் அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருப்பார், இரண்டு பேர் உதவிக்குப் போவார்கள். நல்ல கணக்குதான். பனிப்பாறை ஆறுகளில், பனிச்சரிவில், இடுப்பளவு ஓடும் ஆற்றில் தனியாக இறங்காதே என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் பாதை தெளிவாக இருக்கும் மலையில், தயாராக வந்த ஒருவரை, தயாராகாத நான்கு பேரைவிட ஆபத்தானவர் என்று என்னால் சொல்ல முடியாது.

பழையபாதை: நான்கு பேரில் ஒருவராவது தப்பைச் சுட்டிக்காட்டுவார். தனியாகப் போகிறவருக்கு யார் சொல்வது?

சொல்வார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். பழகின இடம்தானே என்ற நினைப்பு, மற்றவர் முன்னால் மதிப்பு குறையக் கூடாது என்ற ஆசை, முன்னால் போகிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, இவை மக்களை எப்படி ஆபத்துக்குள் இழுக்கின்றன என்று எழுதியிருக்கிறார். பனியில்லாத மலையிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். ஆறு பேருக்கும் மேகம் தெரிகிறது, ஆறு பேரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று நடக்கிறார்கள்.

நாணல்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒன்பது பேரோடு போனேன். மூட்டு வலியில் பின்தங்கினேன். இருட்டின பிறகுதான் நான் இல்லாததே அவர்களுக்குத் தெரிந்தது. டார்ச் இன்னொருவர் பையில் இருந்தது.

பாருங்கள் ஐயா. நாணல், நீங்கள் அன்று தனியாகத்தான் இருந்தீர்கள், ஆனால் தனியாகப் போகிறவருக்கு இருக்கும் எந்த ஏற்பாடும் உங்களிடம் இல்லை. குழுவோடு போனாலும் விளக்கு, தண்ணீர், சூடான உடுப்பு, வரைபடம் உங்கள் முதுகில் இருக்கட்டும்.

பழையபாதை: அது குழுத்தலைவரின் தவறு. கடைசி ஆளாக அனுபவசாலி ஒருவர் வர வேண்டும். என் குழுவில் அப்படித்தான்.

ஒத்துக்கொள்கிறேன். உங்கள் குழுவில் நானும் நிம்மதியாக வருவேன். மீட்பு ஆட்களைப் பற்றி நீங்கள் சொன்னதும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் தனியாகப் போகும் நாளில் கயிறு வேண்டிய இடத்துக்குப் போவதில்லை, சந்தேகம் வந்த இடத்தில் திரும்பிவிடுகிறேன்.

புதுக்கால்: தனியாகப் போவது பாதுகாப்பா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மூங்கில்காடு: எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எப்படிக் கணக்குப் போடுவது?

1892ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன வழி இன்றும் உதவும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டும் ஒன்றரையும், மூன்றரை மணி நேரம். இதில் ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவும் சேரவில்லை. புதியவர் என்றால் அதில் பாதி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பும் நேரம் ஒன்றைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உச்சி நூறடியில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும். இறக்கத்தில் கால் தளர்ந்திருக்கும், வெளிச்சமும் போனால் ஆபத்து கூடிவிடும்.

ஈரமண்: வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், வரைபடத்தை எடுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தோம் என்று யோசியுங்கள். வந்த வழி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். தெரியாவிட்டால் திறந்த இடத்தில், கண்ணில் படும் நிறத்தில் எதையாவது விரித்துவிட்டு அங்கேயே இருங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். ஊருக்கு முன்னால் அருவி வரும், செங்குத்துப் பாறை வரும்.

2013ல் அதே அப்பலாச்சியன் பாதையில் ஒரு பெண்மணி இயற்கை அழைப்புக்காகப் பாதையைவிட்டு விலகினார். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவே இல்லை. குறைந்தது 26 நாள் கூடாரத்தில் உயிரோடு இருந்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்துத்தான் உடல் கிடைத்தது. இதை நினைக்காமல் நான் பாதையைவிட்டு விலகுவதே இல்லை. பையைப் பாதையோரம் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்கிறேன், விசிலோடு போகிறேன், பையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வரக்கூடிய தூரம் மட்டும்.

காட்டுவாசம்: புலி, கரடி வந்தால்?

ஒவ்வொரு விலங்குக்கும் செய்ய வேண்டியது வேறு. நீங்கள் போகும் காட்டின் வனத்துறை ஆட்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

வேகநடை: பாட்டு கேட்டுக்கொண்டு நடக்கலாமா?

வேண்டாம். கல் உருள்வதும் இடி முழங்குவதும் முதலில் காதுக்குத்தான் வரும்.

சுடர்: சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மலைதான் அக்கா. அப்போதும் தாள் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். நான்காவது முறையாகச் சொல்கிறேன், எழுத வேண்டும்.

மழைக்குருவி: கடைசியாக ஒன்று. முதல் முறை எங்கே போகட்டும்?

மற்றவர்களோடு ஏற்கெனவே நடந்த பாதைக்கே போங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நல்ல வானிலை உள்ள நாளில் காலையிலேயே கிளம்புங்கள். பழகின திருப்பங்கள் தனியாக வரும்போது வேறு மாதிரி இருக்கும், அவசரப்படாமல் பாருங்கள். எங்கேயாவது ஒரு கல்லில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். இறங்கியதும் தாள் வைத்திருப்பவரை உடனே அழைத்து, வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.