தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும்: ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

தசையும் என்பும் (எலும்பும்) சேர்ந்து உடலை அசைக்கிற பாடத்தைப் பற்றி, இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடங்களில் தரம் 3, 4, 5 எடுப்பவர்களும் சில பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. என்புகளின் பெயர்ப் பட்டியல் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. தரம் 4 பிள்ளைக்கு அது தேவையில்லை.

மாங்குளம், தரம் 4 ஆசிரியை: ரீச்சர், வன்கூட்டுப் (எலும்புக்கூட்டுப்) படத்தைக் காட்டினால் பாதிப் பிள்ளையள் பயப்பிடுதுகள், மிச்சம் சிரிக்குதுகள். எங்கையிருந்து தொடங்கிறது?

படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிள்ளையின் கையிலிருந்து தொடங்குங்கள். இடக்கையால் வலது மேற்கையைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். வலது உள்ளங்கையை மேசைக்கு அடியில் வைத்து மேசையைத் தூக்குவதுபோல உந்தினால் மேற்கையின் முன்பக்கம் திரண்டு இறுகும். அதே கையை மேசைக்கு மேல் வைத்துக் கீழே அழுத்தினால் முன்பக்கம் தளர்ந்து பின்பக்கம் இறுகும். எல்லோரும் தொட்டுப் பார்த்து முடிந்த பிறகு, “மடிக்க ஒரு தசை, நீட்ட இன்னொன்று. ஒன்றே இரண்டையும் செய்தால் என்ன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். தசை சுருங்கி இழுக்கும், பிறகு தளரும். தள்ள அதற்குத் தெரியாது. மடிந்த கையை நீட்ட வேண்டுமென்றால் மறுபக்கத்திலிருந்து வேறொன்று இழுத்தாக வேண்டும். பாடத்தின் உயிர் இதுதான். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மற்றதெல்லாம் தானாக வரும்.

துணுக்காய், தரம் 5 ஆசிரியர்: காட்போட் மட்டை ரெண்டை ஆணியாலை பூட்டி, சைக்கிள் ரியூப்பை நாடாவா வெட்டித் தசையாக் கட்டலாமோ?

கட்டலாம், ஆனால் நான் நூலைத்தான் விரும்புவேன். ரியூப் ரப்பர் இழுபட்ட பிறகு தானாகவே சுருங்கும். தசையும் அப்படித் தானாகச் சுருங்குமென்று பிள்ளை எண்ணிவிடும். உண்மையில் நரம்பு வழியாகக் கட்டளை வந்தால்தான் தசை சுருங்கும். முன்னுக்கு ஒரு நூல், பின்னுக்கு ஒரு நூல் கட்டி ஆளுக்கொரு நூலைப் பிடிக்கக் கொடுங்கள். “உன்ர நூலாலை கையைத் தள்ளு பார்ப்பம்” என்று சொல்லுங்கள். நூல் துவண்டு விழும்போது வகுப்பு சிரிக்கும்.

நூலைக் கட்டுமிடத்தில் கவனம் தேவை. மேற்கையின் முன்தசை முன்னங்கையின் நடுவில் போய் ஒட்டுவதில்லை. முழங்கை மூட்டிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளி, கிட்டவாகவே ஒட்டுகிறது.

ஒட்டுசுட்டான், பெற்றோர்: அப்ப கை எங்கட கிணத்துத் துலா மாதிரியோ ரீச்சர்?

பாதி சரி. துலாவில் அச்சு நடுவில் இருக்கிறது, ஒரு பக்கம் தாழ மறுபக்கம் எழும்பும். கையை நீட்டும் பின்தசை அப்படித்தான் வேலை செய்கிறது: முழங்கையின் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கும் என்பு நுனியை அது இழுக்க, அச்சுக்கு அந்தப் பக்கத்தில் கை நீளும். முன்தசையின் கதை வேறு. மூட்டு ஒரு முனையில், பாரம் மறுமுனையில், இழுப்பு இடையில், அதுவும் மூட்டுக்கு மிகக் கிட்ட. வளர்ந்தவரின் உள்ளங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் தூரம். தசை 5 சென்ரிமீற்றரில் இழுக்கிறது. அதனால் ஒரு கிலோ அரிசிப் பையைத் தாங்க அது ஏழு கிலோவைத் தூக்குமளவுக்கு இழுக்க வேண்டும். நட்டமாகத் தெரிந்தாலும் இதில் ஓர் இலாபம் உண்டு: தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம், வேகமாகப் போகும். பந்து எறிவது அதனால்தான் முடிகிறது.

புதுக்குடியிருப்பு, தரம் 5 ஆசிரியை: கோழிக் காலை வைச்சுக் காட்டலாம் எண்டினம். எப்பிடி?

இறைச்சிக் கடையில் கழித்துப் போடும் பாதங்களை வாங்குங்கள். வெட்டுவாயில் வெள்ளை நார்கள் நாலைந்து தெரியும். தசையை என்போடு கட்டும் தசைநாண்கள் அவை. ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுத்தால் விரல்கள் மடியும், எதிர்ப்பக்க நாரை இழுத்தால் விரியும். கோழி செத்துவிட்டது, ஆனாலும் விரல் அசைகிறது. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பச்சை இறைச்சி என்பதால் பிறகு எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமையிலும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாட்களிலும் இதைத் தொடாதீர்கள், பாடத்தை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மறுமொழி சொல்ல வேண்டிவரும்.

சைவப் பிள்ளைகளுக்கு அவர்களின் கையே போதும். முன்னங்கையைப் பிடித்தபடி விரல்களை ஆட்டினால் உள்ளே தசை ஓடுவது தெரியும். விரலை மடிக்கிற பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்னங்கையில் இருந்துகொண்டு நீண்ட தசைநாண்களால் இழுக்கின்றன.

விசுவமடு, தரம் 4 ஆசிரியை: என்ர வகுப்புப் பிள்ளை ஒண்டின்ர அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழை இல்லை, செயற்கைக் காலோடை சைக்கிள் ஓடுறார். பெரியப்பாவுக்குத் தொடையிலை போனது, அவருக்குப் பொல்லு வேணும். ஏன் இந்த வித்தியாசம் எண்டு பிள்ளை கேக்குது. என்ன சொல்ல?

நேராகவே சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இது மறைக்கிற விசயமில்லை. முழங்காற் சில்லின் மேல் கையை வைத்துக் காலை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடையின் முன்தசை சுருங்கி, சில்லு வழியாகக் கீழ்க்கால் என்பை இழுப்பது கைக்குத் தெரியும். அப்பாவுக்கு அந்த மூட்டும் அதை இழுக்கும் தசைகளும் அப்படியே இருக்கின்றன, செயற்கைக் கால் அதன் கீழே பொருந்துகிறது. பெரியப்பாவுக்கு மூட்டே போய்விட்டது. செயற்கை மூட்டு மடியும், ஆனால் அதை இழுக்கத் தசை இல்லை. இடுப்பிலிருந்து காலை வீசித்தான் நடக்க வேண்டும். மணலிலும் வயல் வரம்பிலும் அது பெரும்பாடு.

ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் 1968இல் இந்தியாவில் உருவானபோது, வெறுங்காலோடு நடக்கிற, நிலத்தில் குந்தி இருக்கிற மக்களை நினைத்தே ரப்பரில் பாதம் செய்தார்கள். அதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். ஆனால் அப்பாவை வகுப்புக்குக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல்லாதீர்கள். அவராக விரும்பி வந்தால் அது வேறு.

பரந்தன், அம்மா: மகன் எந்த நேரமும் விரலிலை நெட்டி முறிக்கிறான். மூட்டு தேயுமோ?

மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில் வாயு திடீரெனப் பிரியும் சத்தம் அது, என்பு உரசுவதில்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க வைத்தியர் 50 வருடம் ஒரு கையில் மட்டும் முறித்துப் பார்த்து, இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று 1998இல் எழுதினார். ஒருவரின் கைதான், ஆனாலும் மனுசனின் பொறுமையைப் பாருங்கள். நோவோ வீக்கமோ இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மல்லாவி, தரம் 3 ஆசிரியர்: குழந்தைக்கு 300, பெரியவருக்கு 206. மிச்ச என்பு எங்கை போகுது?

எங்கும் போவதில்லை, பல துண்டுகள் வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. தம்பி, தங்கை பிறந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உச்சிக்குழி தெரிந்திருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

முள்ளியவளை, தரம் 5 ஆசிரியை: தசை என்பை இழுக்குது எண்டு படிப்பிச்சன். “நாக்கிலை எலும்பில்லையே, அது எதை இழுக்குது? எப்பிடி வெளியிலை நீளுது?” எண்டு ஒரு பொடியன் கேட்டான்.

அந்தப் பொடியனைக் கவனித்துக்கொள்ளுங்கள். நாக்கின் அடித்தசை ஒன்று தாடை என்பில் பற்றிக்கொண்டு நாக்கை முன்னுக்கு இழுக்கிறது. நாக்குக்குள்ளேயும் நீளம், குறுக்கு, மேல்கீழ் என்று மூன்று பக்கமாகத் தசைகள் ஓடுகின்றன. குறுக்குத் தசைகள் சுருங்கினால் நாக்கு ஒடுங்கும். உள்ளே இருப்பது குறையாததால் அது நீள்கிறது. ஆக, அங்கேயும் இழுப்புத்தான், தள்ளல் இல்லை. வயலுக்குள் வருகிற யானையின் தும்பிக்கையிலும் என்பு கிடையாது, அதுவும் இதே வித்தையால்தான் நீண்டு மடங்குகிறது.