கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

மழை தொடங்கியதும் நம் நீலகிரி ஊர்களிலிருந்து குடிநீர் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) ஊராட்சியைச் சேர்ந்தது. தண்ணீர் பேரூராட்சியிலிருந்து வருகிறது. கெட்டுப்போனால் எந்தப் பொறியாளரைக் கேட்பது? (கோத்தகிரி பக்கம்)

உங்கள் ஊருக்குத் தண்ணீரை அளந்து விடும் மீட்டர் வரை, தண்ணீர் கொடுக்கும் பேரூராட்சியின் பொறியாளர். அதைத் தாண்டினால் ஊராட்சியும் ஒன்றியப் பொறியாளரும். மீட்டர் இடத்தில் தினமும் குளோரின் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லி இரண்டு அலுவலகத்திலும் மனு கொடுங்கள். அந்த ஓர் எண் கையில் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது.

கே: 30,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்? (இத்தலார்)

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்றால் 120 கிராம். பவுடர் வீரியமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நம் மலை ஈரத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை சீக்கிரமே வெறும் சுண்ணாம்பாகிவிடும். கட்டி தட்டியிருந்தால், நெடி மூக்கில் ஏறவில்லை என்றால், அதை நம்பாதீர்கள். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரைமணி கழித்து வால்வைத் திறக்கலாம். கடுங்குளிரில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டியிலிருந்து தொலைவில் இருக்கும் கடைசிக் குழாயில் குளோரின் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும்.

கே: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கொதிக்காதாமே? காய்ச்சிக் குடித்துப் பயன் உண்டா?

உண்டு. இங்கே ஏறக்குறைய 92, 93 டிகிரியில் கொதிக்கும். கிருமி சாக அது போதும். தளதளவென்று கொதி வந்தபின் 3 நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

கே: கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். கிருமி இருக்கிறது என்கிறார்கள். பொறியாளர் மேல் வழக்குப் போடலாமா? (ஊர் எழுதவில்லை)

உங்கள் பாட்டிலில் இருந்த கிருமிக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும். குழாய் வாயைத் தீயில் காட்டி, தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். ஊர்ப் பெயரையும் எழுதாமல், ஊற்றா, போர்வெல்லா, கூட்டுக் குடிநீரா என்றும் சொல்லாமல் கேட்டால் எவராலும் உதவ முடியாது.

கே: மழை வந்தாலே எங்கள் லைனில் நாலு வீட்டுக்கு வயிற்றுப்போக்கு. பொறியாளர் வந்து, தொட்டித் தண்ணீரைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். (கேத்தி பக்கம்)

தொட்டியில் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர் உங்கள் வீட்டுக் குழாய் வரை நடந்து வந்திருக்க வேண்டும். நம் மலையூர்களில் தண்ணீர் பெரும்பாலும் கெடுவது நடுவழியில், சாக்கடைக்குள் கிடக்கும் குழாயில். பாறை, குறுகல் சந்து, தோண்டக் கூலி அதிகம் என்று வடிகாலுக்குள்ளேயே குழாயை இழுத்துவிடுகிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இப்படித்தான் மழைக்கு மழை நோய் வந்தது. சந்துச் சாக்கடையில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். ஒரு ஜாயின்ட்டில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் விட்ட நேரத்தில் அங்கிருந்து குமிழ் குமிழாக வெளியே வந்தது. வால்வை அடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், மேலே மிதந்த சோப்பு நுரை அந்த டியூபை நோக்கி நகர்ந்து, சுழன்று, உள்ளே போனது. நின்று பார்த்தேன்.

சமவெளியைவிட இங்கே இது மோசம். சப்ளை நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் சரிவில் கீழே ஓடிவிடும். மேல்பகுதி வெற்றிடமாகி, ஓட்டை இருக்கும் இடத்தில் சுற்றிலும் உள்ளதை உறிஞ்சும். குழாயில் காற்று போய்வர வைத்த ஏர் வால்வு, குழிக்குள் அழுக்கில் மூழ்கியிருந்தால் அதுவும் அப்படியே இழுக்கும். வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் விடும் தண்ணீரில் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது.

குழாயை மாற்ற அன்றே எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்றார்கள். மூன்று மழைக்காலம் போயிற்று. இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை. குழாய் சாக்கடையிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். சந்தில் இடமில்லை என்றால் எதிர்ப்பக்கம், சாக்கடை மட்டத்துக்கு மேலே போக வேண்டும். கடக்கிற இடத்தில் ஜாயின்ட் கூடாது. உங்கள் பொறியாளரைச் சப்ளை நிற்கும் நேரத்தில் கூப்பிட்டு, லைன் முழுக்க நடக்கச் சொல்லுங்கள். அதுவரை முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், பிறகு பிடிப்பதையும் காய்ச்சுங்கள்.

கே: எங்கள் ஊற்று தாத்தா காலத்திலிருந்து சுத்தம். குளோரின் வாடை பிடிக்கவில்லை. போடாமல் விடலாமா? (மஞ்சூர்)

கூடாது. தாத்தா காலத்தில் ஊற்றுக்கு மேலே கக்கூஸ் குழியும் உரம் போட்ட கேரட் தோட்டமும் இருந்தனவா? கழிவுக் குழிக்கு ஐம்பதடி தூரம் என்பது சமதரைக் கணக்கு. சரிவில் ஊற்றுக்கு மேல்புறம் குழியே வேண்டாம். ஊற்றை மூடிய பெட்டிக்குள் எடுத்து, மழைநீர் விலகி ஓட மேலே வாய்க்கால் வெட்டி, மாடு ஏறாமல் வேலி போடுங்கள். உரம், பூச்சிமருந்து குளோரினுக்குப் போகாது. அதற்குத் தனிச் சோதனை கேளுங்கள்.

கே: காலையில் தண்ணீர் செந்நிறமாக வருகிறது. (குன்னூர்)

நம் மலைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரிக்கும். அந்தத் துருதான் இந்தச் சிவப்பு. முதல் இரண்டு குடம் செடிக்கு ஊற்றுங்கள். நாள் முழுக்கச் சிவப்பு என்றால் குழாயை மாற்ற மனு கொடுங்கள். துரு குளோரினையும் தின்றுவிடும் என்பதால், உங்கள் லைனிலும் கடைசிக் குழாயில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.