வைட்டமின், மூலிகை மாத்திரை எல்லாம் தினமும் எந்த நேரத்துல எப்படி எடுத்துக்கறீங்க?

மல்டிவைட்டமின், அயர்ன், கால்சியம், மீன் எண்ணெய், அஸ்வகந்தா, கருஞ்சீரக எண்ணெய், இத்தனையும் காலைல பசியாறினதும் தேத்தண்ணியோட ஒரே மூச்சுல போட்டுக்கறேன், இது சரியா, நீங்கள்லாம் எப்படி எடுக்கறீங்கன்னு கேட்டிருக்கீங்க. சரியில்லைங்க. தேத்தண்ணி அயர்ன ஒடம்புல சேர விடாது, கால்சியமும் கூட நின்னு தடுக்கும், ஆக நீங்க காசு குடுத்து வாங்கின அயர்ன்ல பாதிக்கு மேல வயித்த எட்டிப் பாத்துட்டு அப்படியே வெளிய போயிடுது.

நான் டாக்டர் இல்ல, மருந்துக்கடைலயும் வேல செய்யல. மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை தோட்டத்து ஆபிஸ்ல கிராணி, அதாவது கிளார்க்கு. எனக்கு தைராய்டு கம்மி, ரத்தமும் கம்மி. அம்மா என்னோடதான் இருக்காங்க, அவங்களுக்கு இனிப்பு நீர் (சக்கரை), டாரா திங்கி (பிரஷர்), கொழுப்புன்னு மூணும் இருக்கு. அதனால எங்க வீட்டு மாத்திரை எல்லாத்துக்கும் நான்தான் கணக்குப்பிள்ளை, கிளினிக்ல கேட்டு கேட்டு கத்துக்கிட்டததான் இங்க எழுதறேன்.

எங்க வீட்டுல நேரத்த முடிவு பண்றது தோட்டத்து பெரட்டு, அதான் காலைல ஆளுங்கள கூட்டி வேல பிரிச்சுக் குடுக்கறது. வீட்டுக்காரர் பெரட்டுக்கு இருட்டோட கிளம்பணும், அதனால அஞ்சு மணிக்கெல்லாம் அடுப்படில லைட்டு எரியும். எழுந்ததும் வெறும் வயித்துல வெறும் தண்ணில தைராய்டு மாத்திரை, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் வாயில எதுவும் படாது. கோப்பி கூட கூடாது, கோப்பியும் அந்த மாத்திரைய சரியா உறிய விடாது. இது வைட்டமின் இல்லதான், ஆனா என்னோட நாள் முழுக்க இத வச்சுத்தான் அமையுது, ஏன்னா தைராய்டு மாத்திரைக்கும் அயர்ன், கால்சியத்துக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். நீங்க சொல்ற மல்டிவைட்டமின்லயும் அயர்ன், கால்சியம் கலந்திருக்கும், லேபிள திருப்பிப் பாருங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடற நெறைய பேரு அதையும் இதையும் ஒண்ணா போட்டுட்டு, மாத்திரை ஏன் வேல செய்யலன்னு டோஸ ஏத்திக்கிட்டே போறாங்க.

பத்து மணிக்கு ஆபிஸ்ல பால் டின் ஊத்தின தேத்தண்ணி வரும், அத நான் விடமாட்டேன், விடச் சொன்னா வேலையவே விட்டுடுவேன். அதனால அயர்ன மத்தியானத்துக்குத் தள்ளிட்டேன். வெறும் வயித்துல எடுத்தா நல்லா சேரும்னு சொல்வாங்க, ஆனா எனக்கு வயித்தப் பெரட்டும், அதனால ரெண்டு வாய் சோறு உள்ள போனதும் மாத்திரை, கூடவே கொய்யா. எங்க ஆபிஸ் முன்னால ஒட்டுக்கடைல கொய்யாவ நீள நீளமா வெட்டி அசாம்போய்ங்கற புளிப்புத் தூள் தூவி பிளாஸ்டிக் பையில கட்டித் தருவாங்க, கொய்யால ஆரஞ்சுல இருக்கறத விட பல மடங்கு வைட்டமின் சி இருக்கு, சி கூட இருந்தா அயர்ன் நல்லா சேரும். கொய்யா இல்லன்னா எலுமிச்சைய புழிஞ்சு தண்ணி. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு தேத்தண்ணி கிடையாது. டாக்டர் எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் எழுதிக் குடுத்தாரு, தினமும் போட்டா ஒடம்பே கதவச் சாத்திக்குமாம், இடைவெளி விட்டா ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலா சேருமாம். ஆனா புள்ளத்தாச்சிங்களுக்கு கிளினிக்ல என்ன சொல்றாங்களோ அதுதான், என்னப் பாத்து மாத்திக்காதீங்க. அயர்ன் எடுக்கறப்ப மலம் கருப்பா போனா பயப்படாதீங்க, பெரும்பாலும் அது அயர்ன்தான்.

வைட்டமின் டி-ய ராத்திரி சோத்தோட எடுக்கறேன். ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையறது, எண்ணெய் தாளிச்ச கறியோட போனாத்தான் சேரும், வெறும் வயித்துல பிரயோஜனம் கம்மி. உங்க மீன் எண்ணெயையும் அப்படியே சாப்பாட்டோட எடுங்க, ஏப்பத்துல மீன் வாடை வர்றதும் கொறையும். எனக்கு டி கம்மின்னு ரிப்போர்ட் வந்தப்ப வீட்டுக்காரர் சிரிச்சாரு, வெயில் மண்டைய பொளக்கற ஊர்ல இருந்துக்கிட்டு வெயில் வைட்டமின் இல்லையாமேன்னு. அவருக்கென்ன, நாளெல்லாம் பழம் வெட்டறவங்களோட காட்டுக்குள்ள நிக்கிறாரு. நான் இருட்டோட எழுந்து சமைச்சு, கார்ல ஏறி, ஏர்கான் ரூம்ல உக்காந்து, சாயங்காலம் குடை பிடிச்சு வர்றவ. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு எடுங்க, பெரியவங்களுக்கு நம்ம நாட்டு சிபாரிசு ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 யூனிட். இது தண்ணில கரையாது, அதிகமானா ஒடம்புலயே தங்கி ரத்தத்துல கால்சியத்த ஏத்தி விட்டுடும்.

வைட்டமின் சி அப்படி இல்ல. ஒரு நாளைக்கு 70 மில்லிகிராம் போதும்ங்கறாங்க, கடைல விக்கற பொங்குற மாத்திரைல 1000 இருக்கு. மிச்சம் ஒண்ணுக்குல போயிடும், சிலருக்கு கிட்னில கல்லு வர்றதுக்கும் அது தோது பண்ணும். பொங்குறதுக்காக சேக்கற உப்புல சோடியம் வேற இருக்கு, டாரா திங்கி உள்ளவங்க தினமும் குடிக்கற பானம் இல்ல அது. எங்க அம்மாவுக்கு ஆரஞ்சு கலர்ல புசுபுசுன்னு நுரை வந்தாலே தெம்பு வந்த மாதிரி இருக்குமாம், என்னத்த சொல்றது.

அம்மா கதைதான் பெருசு. அவங்க காலத்துல தோட்டத்துல எல்லாத்துக்கும் ஒரே டிரஸ்ஸர்தான் (மருந்து குடுக்கற ஆஸ்பத்திரி உதவியாளர்), ஸ்கூல் லீவு விட்டா புள்ளைங்கள வரிசையா உக்கார வச்சு விளக்கெண்ணெய் ஊத்தி பேதிக்கு விடுவாங்க, அதுதான் அப்போ சப்ளிமெண்ட். இப்போ பழைய மைலோ டின் ஒண்ணுல எல்லாம் இருக்கு. மைலோ டின்ன தொறந்து பாத்தா உள்ள கிளினிக் மாத்திரை ஒரு பக்கம், கோடி வீட்டு அக்கா ஏஜெண்டா இருக்கற கம்பெனி கேப்சூல் ஒரு பக்கம், பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தைல) வாங்கின ஹெம்பெடு பூமி, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க கொண்டாந்த நிலவேம்பு பொடி. ஹெம்பெடு பூமியும் நிலவேம்பும் ஒரே செடிதான், அவங்களுக்குத் தெரியாம ரெண்டு பங்கு குடிச்சிட்டு இருந்தாங்க. அதுவும் சக்கரையையும் பிரஷரையும் கொறைக்கக்கூடியது. காலைல பாவக்கா ஜூஸ் வேற.

"ஏம்மா, இத்தனையும் சேத்து குடிக்கிறியே, கிளினிக்ல சொன்னியா?"

"அவங்க மாத்திரை குடுக்கறவங்க, இது பச்சிலை, இத எதுக்கு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு?"

இதுதான் நம்மாளுங்ககிட்ட இருக்கற பெரிய சிக்கல்னு நான் நெனைக்கறேன். பச்சிலைன்னா மருந்துக் கணக்குல வராதுன்னு ஒரு எண்ணம். சக்கரைய எறக்கற மாத்திரை ஒரு பக்கம் எறக்குது, பாவக்காயும் நிலவேம்பும் இன்னொரு பக்கம் எறக்குது, அம்மாவுக்கு பதினோரு மணி வாக்குல கை நடுங்கி வேர்த்து ஊத்துனது சும்மா இல்ல. பாவக்காய கறியா வச்சு சாப்பிடு, ஜூஸா வேணாம்னு பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடுச்சு.

அதே டின்ல நரம்புக்குன்னு பி வைட்டமின் மாத்திரையும் இருந்துச்சு, கால் மரத்துப் போவுதுன்னு அவங்களே வாங்கிப் போட்டுக்கிட்டது. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 கொறையலாம், அது உண்மைதான், அதுக்கு ரத்தத்துல பாத்துட்டு டாக்டரே ஊசியோ மாத்திரையோ குடுப்பாரு. ஆனா கடைல வாங்கற நரம்பு மாத்திரைல பி6-உம் சேந்து இருக்கும், பி6 அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா அதுவே நரம்ப கெடுத்து கால மரத்துப் போக வைக்கும். மரத்துப் போவுதுன்னு மாத்திரை, மாத்திரையால மரத்துப் போவுது, கேக்கவே வேடிக்கையா இருக்கு இல்ல.

உங்க லிஸ்ட்ல அஸ்வகந்தா பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். தூக்கத்துக்கும் டென்ஷனுக்கும் இப்போ எல்லாரும் எடுக்கறாங்க. அது தைராய்டு ஹார்மோன ஏத்தக்கூடியது, தைராய்டு மாத்திரையோட எனக்கு ஆகவே ஆகாது. ஈரல் பாதிச்ச கேஸுங்க வெளிநாடுகள்ல பதிவாகியிருக்கு, டென்மார்க் 2023-ல தடையே போட்டுடுச்சு. புள்ளத்தாச்சிங்க தொடவே கூடாது. எடுத்துத்தான் ஆவேன்னா, கண்ணு மஞ்சளானா, ஒண்ணுக்கு கோப்பி கலர்ல போனா அன்னிக்கே நிப்பாட்டிட்டு டாக்டர பாருங்க. கருஞ்சீரகத்த சமையல்ல போடறவரைக்கும் பயம் இல்ல, எண்ணெயா கேப்சூலா எடுக்கறவங்க சக்கரை, பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டா கிளினிக்ல சொல்லிடுங்க. மீன் எண்ணெயும் அப்படித்தான், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க சொல்லாம எடுக்கக்கூடாது.

முடி வளர்றதுக்கு பயோட்டின் எடுக்கற பொண்ணுங்களுக்கு ஒண்ணு. அது தைராய்டு ரத்தப் பரிசோதனைய தப்பா காட்ட வைக்கும், ஒண்ணும் இல்லாதவங்களுக்கு தைராய்டு அதிகம்னு ரிப்போர்ட் வரும். ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே நிப்பாட்டணும், எத்தன நாள்னு கிளினிக்லயே கேட்டுக்கோங்க. எங்க ஆபிஸ்ல ஒரு தங்கச்சி இப்படித்தான் அழுதுக்கிட்டே வந்துச்சு, நிப்பாட்டிட்டு மறுபடி எடுத்தப்ப எல்லாம் நார்மல்.

அடுத்தது எத வாங்கறதுங்கறது. நம்ம நாட்டுல சப்ளிமெண்ட், பாரம்பரிய மருந்து ரெண்டுக்கும் பெட்டாலிங் ஜெயால இருக்கற என்பிஆர்ஏ-ங்கற மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்துல பதிவு வேணும். டப்பால MAL-னு ஆரம்பிச்சு எட்டு எண்ணும் கடைசில ஒரு எழுத்தும் இருக்கும், N-னா சப்ளிமெண்ட், T-னா பாரம்பரிய மருந்து. நம்பர யாரும் அச்சடிச்சிக்கலாம், அதனால நான் போன்ல அவங்க வெப்சைட்ட தொறந்து நம்பரப் போட்டு, டப்பால இருக்கற பேரும் அங்க வர்ற பேரும் ஒண்ணாங்கறத பாத்துக்குவேன். ஏஜெண்ட் அக்கா முன்னாலயே பாப்பேன், அவங்க மூஞ்சி ஒரு மாதிரி போவும், போகட்டும். நானூறு வெள்ளி (ரிங்கிட்), ஐநூறு வெள்ளின்னு தலைல கட்டறாங்களே.

பதிவு இல்லாததுல கலப்படம் இருக்கறத இவங்க திரும்பத் திரும்ப கண்டுபிடிச்சு அறிவிக்கறாங்க. தொங்காட் அலிங்கற வேர் கலந்த கோப்பின்னு விக்கறதுல, ஆண்மைக்குறைவுக்கு ஆம்பளைங்களுக்கு குடுக்கற சில்டெனாஃபில், எடை கொறைக்கறதுல சிபுட்ராமின், மூட்டு வலிக்கு விக்கற ஜாமுங்கற மூலிகை மருந்துலயும் பொடிலயும் டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டிராய்டு. எங்க தாமான்ல ஒரு மாமா, முட்டி வலிக்கு யாரோ வேன்ல கொண்டாந்து வித்த உருண்டைய வாங்கினாரு. மூணே நாள்ல படியேறினாரு, எல்லாருக்கும் சிபாரிசு வேற. கொஞ்ச மாசத்துல மூஞ்சி பூரி மாதிரி உப்பி, சக்கரை எகிறி, கையில லேசா இடிச்சாலும் நீலம் பாஞ்சுது. மூலிகை மூணு நாள்ல முட்டி வலிய தீக்காது, தீத்தா உள்ள வேற என்னமோ இருக்குன்னு அர்த்தம். அப்படி ரொம்ப நாள் சாப்பிட்டவங்க பயந்துபோய் திடீர்னு நிப்பாட்டறதும் ஆபத்து, ஒடம்பு தானா சுரக்கறத நிறுத்தியிருக்கும், மயங்கி விழுந்துடுவாங்க. மிச்சம் உருண்டையோட டாக்டர்கிட்ட போகணும், அவரு மெல்ல மெல்ல கொறைப்பாரு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கற மாத்திரை உள்ள ஆம்பளைங்க அந்த தொங்காட் அலி கோப்பி பக்கமே போகாதீங்க, பிரஷர் ஒரேயடியா விழுந்து உயிருக்கே ஆபத்து.

அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளிதான், அதுல டாக்டரும் மருந்தும் சேத்தி. மருந்து குடுக்கற கவுண்டர்ல இருக்கற ஃபார்மசிஸ்ட்கிட்ட கேக்க நாம வெக்கப்படறோம். நான் போன தடவ மைலோ டின்ன அப்படியே தூக்கிட்டுப் போய் கவுண்டர்ல கவுத்துட்டேன், பின்னால நின்னவங்க முணுமுணுத்தாங்க. அந்த மலாய்க்கார பொண்ணு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, வேண்டாதத ஒரு பக்கம் ஒதுக்கி, மிச்சத்துக்கு நேரம் எழுதி ஒட்டிக் குடுத்துச்சு. கொழுப்பு மாத்திரை ராத்திரி, மெட்ஃபார்மின் சாப்பாட்டோட, இப்படி. அம்மா நான் சொன்னா கேக்கமாட்டாங்க, வெள்ளக் கோட்டு போட்ட பொண்ணு "மாக்சிக், இனி தா போலே" (அம்மா, இது கூடாது) ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னதும் தலையாட்டிட்டாங்க. பூனைமீசை மூலிகைத் தண்ணிய மட்டும் விடமாட்டேன்னு இன்னும் சண்ட நடக்குது, கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும்னு நானும் காத்திருக்கேன்.

வைக்கற இடம் முக்கியம். அடுப்புக்கு மேல, ஃபிரிட்ஜ் தலைல, மோட்டார் சீட்டுக்கு அடில எல்லாம் வேணாம், நம்ம ஊரு புழுக்கத்துல கேப்சூல் ஒட்டிப் போவும். சின்னப் புள்ளைங்க இருக்கற வீடா இருந்தா அயர்ன் மாத்திரைய மொதல்ல பூட்டுங்க, சிவப்பா மினுமினுன்னு மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தைக்கு அதுல கொஞ்சம் போனாலே விஷம். புள்ளைங்களுக்கு குடுக்கற, ஜெல்லி மாதிரி மெல்லற கம்மி (gummy) வைட்டமினையும் மிட்டாய்னு சொல்லிக் குடுக்காதீங்க, மருந்துன்னே சொல்லிப் பழக்குங்க.